எஞ்சினுக்கு எண்ணெய்; இயக்கியவனுக்கு?

பழைய இயந்திரங்களைப் பேணுதல் நல்லதொரு பொழுதுபோக்கே. ஆயின் அதுவே வரலாறாகிவிடாது. 1925இல் எழுந்த ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலை 2001இல் அருங்காட்சியகமாயிற்று. அங்கே பழைய எஞ்சின்கள் பேணப்படுகின்றன. 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரை நாடறியும். அட்டையும் சிறுத்தையும் உலவிய காட்டைத் திருத்திய தமிழ்த் தொழிலாளரின் பெயரை யார் அறிவார்? அவர்தம் வழித்தோன்றல்களிற் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் இரு நாடுகளுக்குமிடையே பங்கிட்டது. எஞ்சினுக்குப் பெயர்ப்பலகை உண்டு. அதை இயக்கியவனுக்கோ செக்ரோலில் ஓர் இலக்கமே. கம்பளையருகே பழைய லயன் அறைகளில் அமைந்த தொழிலாளர் அருங்காட்சியகம் இக்குறையைத் தீர்க்க முற்பட்டுள்ளது. ஹந்தானை அடிவாரத்துப் பல்கலைக்கழகத்தின் கடன் யாது? தோட்டத்து முதியோரின் வாய்மொழியை இன்றே பதிவு செய்தல். இரும்பு காத்திருக்கும், மனிதர் காத்திரார்.