துவிச்சக்கரவண்டிக்கு வழி எங்கே?

சென்ற வாரம் எனது மாணாக்கன் ஒருவன் முழங்காலிற் கட்டோடு வகுப்புக்கு வந்தான். பருத்தித்துறை வீதியிலே துவிச்சக்கரவண்டியிற் சென்றவனைப் பின்னால் வந்த டிப்பர் ஒன்று ஒலியெழுப்பி வெருட்டியிருக்கிறது. பையன் ஓரத்துக்கு ஒதுங்கினான். ஒதுங்குவதற்கு ஓரம் இருந்தாலன்றோ? மேன்மேலும் தாரிட்டு உயர்த்திய வீதியின் விளிம்பு அவ்விடத்தில் மண்ணைவிட நாலு விரற்கடை உயர்ந்து நிற்கிறது. சில்லு இறங்கியதும் வண்டியும் பையனும் ஒருங்கே வீழ்ந்தனர். டிப்பர் நிற்கவில்லை.

போருக்குப் பின்னர் நம் வீதிகள் அகன்றன. காப்பெற் என்னும் வழுவழுப்பும் பெற்றன. நன்றே. வேகமும் உடன் ஏறிற்று. ஓரத்தை மட்டும் எவரும் நினைத்தாரில்லை.

இந்த மண்ணிலே துவிச்சக்கரவண்டி ஏழையின் ஊர்தி மாத்திரம் அன்று. 1990ஆம் ஆண்டு தொடங்கி எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில் குடாநாட்டின் கால் அதுவே. நெல்லும் விறகும் அதிலேறின. நோயாளியும் அதிலேறியே ஆசுபத்திரிக்குப் போனார். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் ஊரோடு பெயர்ந்து தென்மராட்சிக்குச் சென்றபோது, என் அன்னையாரைக் கரியரில் இருத்தி, நாவற்குழிப் பாலத்தை உருட்டியே கடந்தேன். அன்று எவரும் எவரையும் ஒலியெழுப்பி ஒதுக்கவில்லை. ஒதுங்க இடமும் இல்லை.

2022ஆம் ஆண்டின் பெற்றோற் பஞ்சத்திலும் அதுவே கைகொடுத்தது. தாழ்வாரத்திற் கிடந்த பழைய ரலியைத் துடைத்தெடுத்து, பெரிய உத்தியோகத்தரும் கந்தோருக்கு மிதித்துப் போயினர். பெற்றோல் வந்தது, ரலி மீண்டும் தாழ்வாரத்துக்குப் போயிற்று.

துவிச்சக்கரவண்டிக்காரர் குற்றமற்றவர் என்று வாதாட நான் வரவில்லை. நம் பிள்ளைகள் மூவர் நால்வராய் நிரைகட்டிக் கதைபேசிச் செல்கின்றனர். இருட்டிய பின் விளக்கின்றி ஒழுங்கையிலிருந்து வீதிக்குப் பாய்வோரும் உளர். என் இளமையில் டைனமோ இல்லாத வண்டியை இரவில் வெளியே எடுக்க அஞ்சுவோம். இன்று டைனமோவும் இல்லை, அச்சமும் இல்லை.

என் குற்றத்தையும் மறைத்தல் தகாது. அண்மையில் தமக்கையின் கணவரது காரிற் கோப்பாய் வழியே சென்றேன். முன்னே முதியவர் ஒருவர் வெங்காயக் கட்டோடு மெல்ல மிதித்துக்கொண்டிருந்தார். “கோர்ண் அடியுங்கோ அத்தான்” என்று சொன்னவன் நானே. கடந்தபின் திரும்பிப் பார்த்தேன். ஒரு காலை மண்ணில் ஊன்றி, சரிந்த கட்டைத் தாங்கியபடி அவர் நின்றார். கோயிலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம், அவசரம் ஒன்றும் இல்லை.

வீதியைப் பராமரிப்போரிடம் கேட்பது பெரிதன்று. தாரின் விளிம்புவரை கிரவல் இட்டு மட்டப்படுத்துக. சாரதிமாரே, முந்தும்போது ஒரு பாகமேனும் விலகிச் செல்லுங்கள். எதிரே வாகனம் வருமாயின் அரை நிமிடம் பின்னே பொறுத்து வாருங்கள். பாடசாலை விடும் வேளையில் இதனை இரட்டிப்பாய்க் கேட்கிறேன்.

கட்டு அவிழ்ந்ததும் அந்தப் பையன் மறுபடியும் அதே வீதியாலேதான் வரவேண்டும். அவன் வீட்டிலிருந்து பள்ளிக்கு வேறு பாதை இல்லை.