நுணுக்குக்காட்டிக்கு முன்னால் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டுக் குழுவொன்று வன்னிக்கு வந்து இலவசமாகக் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்யும்போதெல்லாம் தங்கள் பத்திரிகை பெரிதாகப் படம் போடுகிறது. ஒரு கண்ணில் பஞ்சு ஒட்டிய முதியவர்கள் வாங்கில் வரிசையாக இருப்பார்கள். பின்னால் பதாகை, அதன் முன்னால் அதிகாரிகள். அப்படியொரு வாங்கில் என் அக்காவும் இருந்தார். அந்த வைத்தியர்கள் நல்ல மனிதர்கள். என் கோபம் அவர்கள் மேல் அல்ல, அவர்களை அழைத்து வருவதோடு கடமை முடிந்தது என்று இருப்பவர்கள் மேல்.

அக்காவுக்கு 71 வயது. புரையை எடுத்துச் செயற்கை வில்லை வைத்து மறுநாள் கட்டவிழ்த்ததும் கிணற்றடிச் செவ்வரத்தைப் பூக்களை எண்ணிச் சொன்னார். எட்டு மாதத்தில் மறுபடி மங்கியது. கண்ணைக் கெடுத்துவிட்டார்கள் என்று அழுதார். யாரும் கெடுக்கவில்லை. வில்லைக்குப் பின்னுள்ள மெல்லிய சவ்வு சிலருக்குக் காலம் போக மங்கும்; லேசரால் சில நிமிடங்களில் சரிசெய்துவிடலாம். இதைச் சொல்லத்தான் அருகில் ஆள் இல்லை. சத்திரசிகிச்சை செய்தவர் என்றோ விமானம் ஏறிவிட்டார். இரண்டு பஸ் மாறி ஒரு பெரிய வைத்தியசாலைக்குப் போனோம். கிளினிக் திகதி தள்ளித் தள்ளிப் போய், லேசர் கிடைக்க ஏழு மாதமானது. அதற்குள் முற்றத்துப் படியில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். இது கண்புரையின் கதை மட்டும்தான். நீரிழிவால் விழித்திரை கெடுபவருக்கும் கண்ணழுத்தம் கூடியவருக்கும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பார்த்துவரும் வைத்தியர் வேண்டும். மூன்று நாள் முகாம் அவர்களுக்கு எதற்கு உதவும்?

அந்த முகாமில் நான் கண்ட ஒன்று இன்றும் உறுத்துகிறது. எங்கள் பக்கத்து இளம் வைத்தியர் ஒருவர் மூன்று நாளும் பெயர் பதிந்தார், சொட்டு மருந்து விட்டார், விருந்தினருக்கு மொழிபெயர்த்தார். கண் வைத்தியம் படிக்க விரும்புவதாக என்னிடம் சொன்னார். அவரைச் சத்திரசிகிச்சை நுணுக்குக்காட்டிக்கு முன்னால் ஒருவரும் இருத்தவில்லை. பக்கத்தில் நின்று பார்க்கவும் விடவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட கண்கள், அத்தனை கைதேர்ந்த ஆசான்கள், ஒரு மாணவன்கூட இல்லை. முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கற்பித்தவள் நான். அந்த வீணடிப்பை என்னால் தாங்க முடியவில்லை. அந்தப் பிள்ளை இப்போது அவுஸ்திரேலியா போகப் பரீட்சைக்குப் படிக்கிறார். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை வைத்தியர்கள் இப்படிப் போய்விட்டார்கள் என்பதைத் தங்கள் பத்திரிகைதானே எழுதிவருகிறது?

வேறு விதமாகச் செய்ய முடியும் என்பதற்கு நேபாளம் சாட்சி. அவுஸ்திரேலியக் கண் வைத்தியர் பிரெட் ஹொலோஸ் 1985இல் அங்கே போனார். சந்துக் ருயித் என்ற இளம் நேபாள வைத்தியரைக் கண்டு, பின்னர் அவுஸ்திரேலியாவுக்கு அழைத்துத் தன்னுடன் வைத்துப் பயிற்றினார். ஹொலோஸ் 1993இல் இறந்தார். மறு ஆண்டே ருயித்தின் முயற்சியில் காத்மண்டுவில் தில்கங்கா கண் நிலையம் திறந்தது. வில்லைகளையும் அங்கேயே செய்யத் தொடங்கினார்கள். நூறு டொலருக்கு மேல் விற்ற பொருள் சில டொலருக்கு வந்தது. சிறு வெட்டு வழியே தையலின்றிச் செய்யும் முறையை இன்று பிற நாட்டு வைத்தியர்கள் அங்கே போய்க் கற்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன், கடலைத் தாண்டினால் மதுரை. 1976இல் 11 கட்டில்களுடன் வெங்கடசுவாமி ஐயா தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை கிராமத்துப் பெண்பிள்ளைகளை எடுத்துப் பயிற்றி, கண் பரிசோதனையும் சத்திரசிகிச்சைக்கூட உதவியும் அவர்கள் கையில் கொடுத்தது. அதனால்தான் அங்கே ஒரு நிபுணரால் அத்தனை பேருக்குச் சிகிச்சை செய்ய முடிகிறது.

நம் மண்ணிலேயே இது நடந்திருக்கிறது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் மறு ஆண்டு மானிப்பாயில் உள்ளூர் இளைஞருக்கு வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். பிறகு தமிழிலேயே கற்பித்தார். அதற்காக மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 1873இல் அவர் ஊர் திரும்பியபோது இங்கே வைத்தியர்கள் இருந்தார்கள்.

வெளிநாட்டு வைத்தியர் இங்கே சிகிச்சை செய்ய இலங்கை மருத்துவச் சபையில் தற்காலிகப் பதிவு பெறவேண்டும். முகாமுக்கு அனுமதி கொடுக்கும்போதே சுகாதாரத் துறை நிபந்தனை வைக்கட்டும்: குழுவோடு உள்ளூர் வைத்தியர் இருவராவது நுணுக்குக்காட்டியில் இருக்கவேண்டும், தாதியர் இருவராவது பழகவேண்டும். முதலில் ஆட்டுக் கண்ணில், பின்பு ஆசான் பக்கத்தில் நிற்க நோயாளியின் கண்ணில், படிப்படியாக. அதே குழு அடுத்த ஆண்டும் அதே வைத்தியசாலைக்கு வரவேண்டும். பழகியவரை அங்கேயே வைத்திருக்க ஒரு பதவியும், விடுதியும், பழுதடையாத ஒரு நுணுக்குக்காட்டியும் வேண்டும். ஒரு கண் நிபுணரை உருவாக்க வருடங்கள் பிடிக்கும் என்பது தெரியும். அதனால்தான் இன்றே தொடங்கச் சொல்கிறேன்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முகாமுக்குப் போகும் நிருபரிடம் சொல்லுங்கள்: எத்தனை கண்கள் என்று மட்டும் கேட்டு வரவேண்டாம். உள்ளூர் வைத்தியர் எத்தனை பேர் பழகினார்கள், நாளைக்கு வலி வந்தால் நோயாளி யாரிடம் போவது என்று கேட்டு, பதிலைப் படத்துக்குக் கீழே போடுங்கள். அக்காவின் மற்றக் கண்ணிலும் புரை முற்றி வருகிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஒட்டுசுட்டான்.