கூண்டும் கம்ப்யூட்டரும்

ஐப்பசி, கார்த்திகை பிறந்தால் பத்திரிகையில் ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: 'கடலூர் துறைமுகத்தில் 1-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது.' கூண்டு என்றதும் கிளிக்கூண்டை நினைத்துக்கொள்ளாதீர்கள்! வானிலை நிலையத்திலிருந்து துறைமுகத்துக்குச் செய்தி வருகிறது. உடனே கம்பத்தில் அந்த அடையாளம் ஏறுகிறது. எழுத்தறியாத மீனவரும் அண்ணாந்து பார்த்து விஷயத்தைப் புரிந்துகொள்வார்.

இன்டர்நெட்டும் செய்தி கொண்டுபோகும் ஏற்பாடுதான். சென்னையிலிருந்து சிதம்பரத்துக்கு நீளமான கடிதம் ஒன்று அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் துண்டு துண்டாக்கி, நம்பர் போட்டுத் தனித்தனிக் கார்டுகளில் எழுதிவிடுகிறீர்கள். சில கார்டுகள் விழுப்புரம், கடலூர் வழியாகப் போகின்றன. அந்தப் பாதையில் தடங்கலா? மற்றவை விருத்தாசலம் சுற்றிப் போகட்டும். சிதம்பரத்தில் நம்பர் பார்த்து அடுக்கினால் முழுக் கடிதமும் கிடைத்துவிடும். கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்வது இந்த மாதிரிதான். 1969 அக்டோபர் 29-ல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு முதல் செய்தி புறப்பட்டது. 'லாகின்' என்ற ஆங்கிலச் சொல்லில் இரண்டு எழுத்துப் போனதுமே மெஷின் படுத்துவிட்டது, பாவம்!

நம் நாட்டில் 1986-ல் 'எர்நெட்' திட்டம் ஆரம்பமாயிற்று. அதில் இணைந்த கல்வி நிலையங்களில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று. பொதுமக்களுக்கு 1995 ஆகஸ்ட் 15-ல்தான் அந்த வசதி கிடைத்தது. அதுவும் முதலில் பெரிய நகரங்களுக்கு.

கடலோரக் குப்பங்களுக்கு? 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கடலூருக்கு அண்டையிலுள்ள புதுச்சேரி கிராமங்களில் ஒரு நல்ல காரியம் செய்தது. வில்லியனூரில் தலைமை மையம். அங்கிருந்து கிராமங்களுக்கு ரேடியோ மூலம் தொடர்பு. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலைகளின் உயரத்தைத் தெரிந்துகொண்டு, வீராம்பட்டினம் மீனவர்களுக்குத் தமிழில் ஒலிபெருக்கி வைத்துச் சொன்னார்கள். பல மையங்களில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தவர்கள் உள்ளூர்ப் பெண்களே என்பதைக் கேட்க உங்களுக்குப் பெருமையாக இருக்கும்.

2004 டிசம்பர் 26 வந்தது. சுமத்ரா அருகே கடலடியில் பூமி அதிர்ந்தபோது நமக்குக் காலை ஆறரை மணி. அலை நம் கரைக்கு வர ஏறக்குறைய 2 மணி நேரம் ஆயிற்று. உலகமெங்கும் கம்ப்யூட்டர்கள் கைகோத்துக்கொண்டிருந்த காலம் அது. இருந்தும் என்ன? கடலூர் தேவனாம்பட்டினத்துக்கோ, சிதம்பரம் பக்கத்து எம்.ஜி.ஆர். திட்டுக்கோ எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் மாண்டார்கள்.

அதே காலையில், கடலூருக்குச் சற்று வடக்கே புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு டெலிபோன் வந்தது. பேசியவர் அந்த ஊர் இளைஞர். உடனே கிராமத்து அறிவு மையத்தின் ஒலிபெருக்கி அலறிற்று. ஊரே மேட்டை நோக்கி ஓடிற்று. வீடுகளும் படகுகளும் போயின. 3,000 பேருக்கு மேல் இருந்த அந்த ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

2007 அக்டோபர் முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. சில நிமிஷங்களில் எச்சரிக்கை புறப்பட்டுவிடும். ஆனால் அது கடைசி வீட்டுக்கும் போக வேண்டுமே! அந்த வேலை நம்முடையது. உங்கள் போனில் புயல், மழை என்று ஏதாவது எச்சரிக்கை வந்தால், போன் இல்லாத எதிர்வீட்டுப் பாட்டியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அம்மா!