சொப்பு தொலையணும்

சொப்பு சாமான் மேல ஆசை வைக்கிறவங்க நகரத்துல கூடிக்கிட்டே இருக்காங்க. சந்தோஷமான விஷயம்தான். சென்னையில் இருக்கிற என் தங்கச்சி மகள், கண்ணாடி அலமாரியில விரல் உயரத்துக்கு உரல் உலக்கை, ஆட்டுக்கல், திருகை, ஒரு தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மைன்னு அழகா அடுக்கி வச்சிருக்கா. பக்கத்துல சீனாவோட பாப் மார்ட் கம்பெனி விக்கிற லபுபு பொம்மை ஒண்ணு பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குது. பெட்டியைப் பிரிக்கிற வரைக்கும் உள்ள இருக்கிறது எதுன்னு தெரியாதாம். அந்தப் பரபரப்புக்கும் சேர்த்துத்தான் காசு. நம்ம சொப்பு அப்படியில்ல. ஓலைப்பெட்டியைக் கவுத்துத் தரையில கொட்டினா ஒரு அடுப்படியே மொத்தமா தெரிஞ்சிரும்.

ஆனா அந்தக் கண்ணாடி அலமாரி மேல எனக்கு ஒரு வருத்தம் உண்டு.

சொப்புங்கிறது ‘செப்பு’ங்கிற சொல்தான். பழைய தமிழ்ல செப்புன்னா சிமிழ், சின்னக் கிண்ணம். எங்க தெக்குச் சீமையில மரச் சொப்புன்னா அம்பாசமுத்திரம்தான். சங்கரன்கோவில்ல இருந்து தென்காசி போய் பஸ் மாறிப் போகணும். 2019-ல மாவட்டத்தைப் பிரிச்ச பிறகு நாங்க தென்காசிக்காரங்க, அவங்க திருநெல்வேலிக்காரங்க. திருவிழாக் கடைக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது, ஆடித்தபசுக்கு எல்லாம் இங்க வந்துரும்.

கடைசல் வேலையைப் பக்கத்துல நின்னு பாக்கணும். மரத்துண்டைச் சுழல விட்டு உளியைக் காட்டுவாங்க. சுருள் சுருளா மரம் உதிரும், கண்ணு முன்னாலயே குடத்துக்குக் கழுத்து வரும். சுத்திக்கிட்டு இருக்கும்போதே கலர் அரக்கை அதுமேல அழுத்துவாங்க. உரசுற சூட்டுல அரக்கு இளகி மரத்தோட ஒட்டிக்கும். தூரிகை வேண்டாம், காய வைக்கவும் வேண்டாம். அப்புறம் தாழை ஓலையை வச்சு ஒரு தேய்ப்பு, முகம் தெரியிற மாதிரி மினுமினுப்பு வந்துரும். கர்நாடகத்துச் சன்னபட்டணத்துலயும் இதே வேலைதான், பேரு அவங்களுக்குக் கொஞ்சம் பெருசு. முன்னால மஞ்சக்கடம்பு மரம் கிடைச்சது. இப்ப ரப்பர் மரம், யூகலிப்டஸ்னு கிடைச்சதை வச்சு ஓட்டுறாங்க.

இதுல ஒரு வேடிக்கையைக் கவனிச்சீங்களா? எங்க வீட்டு ஆட்டுக்கல் தோட்டத்து மூலையில கிடக்கு, குழியில தேங்கின தண்ணியைக் காக்கா குடிக்குது. திருகை எங்க போச்சுன்னே தெரியல. பெருசு செத்துப்போச்சு, அதைப் பார்த்துச் செஞ்ச சின்னது இன்னும் உயிரோட இருக்கு. கடைசல்காரங்களும் சும்மா இல்ல, கேஸ் அடுப்பு, மிக்ஸின்னு சொப்புல கொண்டாந்துட்டாங்க. ‘பழமை போச்சே’ன்னு சிலர் மூஞ்சியைச் சுளிக்கிறாங்க. எனக்கு அது சரின்னுதான் படுது. அம்மா செய்யறதைப் பார்த்துத்தானே பிள்ளை விளையாடும்? அம்மா தொடாத ஆட்டுக்கல்லைப் பிள்ளை எதுக்கு ஆட்டணும்?

சின்ன உருவம் செய்யறது எங்க ஊருக்குப் புதுசு இல்ல. பாம்பு, தேள் பயம் உள்ளவங்க சங்கரநாராயணர் கோவிலுக்கு வந்து, தகட்டுல செஞ்ச சின்னப் பாம்பு, தேள் உருவம் வாங்கி உண்டியல்ல போட்டுட்டுப் போவாங்க. அழகா இருக்கேன்னு யாரும் அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதில்ல. காட்டுலயும் அப்படித்தான். சோளத்தட்டையைக் கீறி மாட்டுவண்டி, நுங்குக் கூந்தல்ல உருட்டுவண்டி, பூவரச இலையில பீப்பி. சாயங்காலத்துக்குள்ள பீப்பி வாடிரும், நாலு நாள்ல வண்டி உடைஞ்சிரும், மறுபடி செய்வோம். திரும்பத் திரும்பச் செஞ்சதாலதான் கையில அந்த வேலை தங்குச்சு.

என் வருத்தம் இங்கதான். அலமாரியில வச்ச சொப்பு தேயாது, உடையாது, தொலையாது. ஒரு வீட்டுக்கு ஒரு செட்டு, ஆயுசுக்கும் போதும். பிள்ளை கையில குடுத்தா கதையே வேற. பானை கட்டிலுக்கு அடியில போகும், அகப்பை சாக்கடையில விழும், எதிர்வீட்டுப் பிள்ளை ஒரு சட்டியைத் தூக்கிட்டுப் போயிரும். அடுத்த வருசம் இன்னொரு பெட்டி வாங்கணும். பட்டறை ஓடுறது அந்த ரெண்டாவது பெட்டியாலதான். விவசாயிக்கு இது புரியாம இருக்குமா? என் எலுமிச்சையை நீங்க பிழிஞ்சு தீர்த்தாத்தானே நான் அடுத்த மூட்டையை ஏத்த முடியும்!

2025-ல அம்பாசமுத்திரம் சொப்பு சாமானுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. எங்க பக்கத்துப் புளியங்குடி எலுமிச்சைக்கும் அதே வருசம்தான். பெருமைதான், இல்லன்னு சொல்லல. வேற ஊர்ச் சரக்கை அந்தப் பேருல விக்க முடியாது. ஆனா குறியீடு காவல் காக்கிறது பேருக்கு மட்டும்தான், விலைக்கு இல்ல. சீர்வரிசைக்கு அஞ்சு பவுன் வாங்கும்போது வாயைத் திறக்காதவங்க சொப்புக் கடையில பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுறதை நான் பார்த்திருக்கேன்.

கொலு வைக்கிறவங்க, ஆசைக்குச் சேர்க்கிறவங்க தாராளமா வாங்குங்க. சேர்க்கிறது தப்புன்னு நான் சொல்ல வரல, அவங்களும் இல்லாட்டி பல பட்டறை என்னைக்கோ மூடியிருக்கும். வாங்கும்போது ரெண்டு பெட்டியா வாங்குங்க, ஒண்ணு அலமாரிக்கு, ஒண்ணு தரைக்கு. அரக்கு ஏத்தினதா, பெயிண்ட் அடிச்சதான்னு கேளுங்க. அந்தக் கேள்வி கேட்டாலே கடைக்காரர் முகம் மாறும், உள்ள இருந்து நல்ல சரக்கு வரும். மூணு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்குப் பொடிச் சாமான் வேண்டாம், வாயில போட்டுரும். உலக்கை மட்டும் தனியா ரெண்டு கிடைக்குமான்னும் கேட்டுப் பாருங்க. எந்த வீட்டுலயும் முதல்ல காணாமப் போறது அதுதான்.