கூத்துக்குப் பொன்னாடை வேண்டாம், நிலம் வேண்டும்

மட்டக்களப்புக் கூத்தைப் பாதுகாக்க வேண்டும் என்று சொல்லாதவர் இன்று எவருமில்லை. அமைச்சரும் சொல்கிறார், அதிகாரியும் சொல்கிறார். பின்னர் மண்டபமொன்றில் 20 நிமிடம் ஒதுக்கி, இரண்டு அரசரை ஆடவிட்டு, பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுகிறார்கள்.

அரங்கேற்றத்தோடு கூத்து முடிந்துவிடுவதில்லை. பழகுதல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் என நீளும் ஒழுங்கின் கடைசியில் வீட்டுக்கு வீடு ஆடுதல் இருக்கிறது. சதங்கையோடு ஒழுங்கைக்குள் இறங்கி வளவு வளவாகச் செல்வார்கள். சன்மானம் பெறும் சடங்கு என்று இதனை ஒதுக்கிவிட நான் தயாரில்லை. ஓர் ஊர் தன்னைத் தன் உடலால் அளந்துகொண்ட முறை இது. எந்தப் படலை திறந்தது, எந்த முற்றம் ஆட்டத்துக்குப் போதுமாயிருந்தது, எந்த வீட்டைக் கூட்டம் பாராமற் கடந்தது என்பவற்றிலெல்லாம் உறவும் பகையும் சாதியும் பதிந்திருந்தன. நில அளவைத் திணைக்களத்தின் எந்தத் தாளிலும் இவை கிடையா.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்' மூலம் பேராதனையில் கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். படித்தவர்கள் கூத்தை மதிக்கத் தொடங்கியதில் அவருக்குள்ள பங்கை மறுப்பது நன்றிகேடு. ஆயினும் வட்டக்களரியில் நாற்புறமும் திரும்பி ஆடிய உடல் அந்த மேடையில் ஒருபுறம் பார்த்து ஆடப் பழகிற்று. சி. ஜெயசங்கரும் சீலாமுனை மக்களும் 2000களில் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம் ஊருக்குள்ளேயே நின்றது. அதனாலேயே அது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இனி வாழைச்சேனையைப் பாருங்கள். 1950களில் கடதாசி ஆலை வந்தது. பிறகு போர், இடப்பெயர்வு, 2004இன் ஆழிப்பேரலை, 2009க்குப் பின் பாசிக்குடாக் கரையில் வரிசையாக எழுந்த உல்லாச விடுதிகள். ஒவ்வொன்றும் ஒரு பாதையைத் திறந்து இன்னொன்றை அடைத்தது. கிடுகு வேலி நின்ற இடத்தில் மதில், படலை இருந்த இடத்தில் இரும்புக் கேற். வீதி எத்தனை அடி அகன்றது என்று கணக்கு வைத்திருப்பவர்கள் முற்றம் எத்தனை அடி சுருங்கியது என்று கணக்கு வைத்திருக்கிறார்களா? கோறளைப்பற்று ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளாகத் தாளில் கிடக்கிறது. மனிதர் நடந்த தடம் அந்தக் கோடுகளுக்கு அடங்காது. (கிழக்கு முஸ்லிம்களின் பொல்லடியை வைத்தும் இதே கேள்வியைக் கேட்கலாம். கேட்கவும் வேண்டும்.)

இதனையே அமெரிக்கர் செய்தால் வாய்பிளந்து நிற்போம். நடனக் கலைஞர் ஆனா ஹால்ப்ரினும் நிலத்தோற்ற வடிவமைப்பாளரான அவர் கணவர் லாரன்ஸும் 1966இலும் 1968இலும் கலிபோர்னியாவில் நடனக்காரரையும் கட்டடக்கலை மாணவரையும் ஒன்றுகூட்டி, கண்ணைக் கட்டி நடக்கவைத்து, இடத்தை உடலால் அறியப் பழக்கினார்கள். நல்ல காரியம். அதனை இங்கு இறக்குமதி செய்ய நிபுணர் எவரும் வரவேண்டியதில்லை. அண்ணாவிமார் இன்னும் இருக்கிறார்கள்.

அடுத்த நகரத் திட்டத்துக்கு முன்னர் ஒரு மத்தளமும் சதங்கை கட்டிய நாலு இளைஞரும் போதும். பழைய தடத்திலே ஆடிச் செல்லட்டும்; ஆட்டம் முட்டி நிற்கும் இடமெல்லாம் வரைபடத்தில் ஒரு புள்ளி விழட்டும். அத்தாளில் கையொப்பமிட அதிகாரிகள் தயங்குவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். யாருடைய மதில் யாருடைய வழிக்குள் ஏறி நிற்கிறது என்பது அதில் தெரிந்துவிடுமே!