காற்றைக் கட்டிவைத்திருப்பது எது?

ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலையில் கிரிவலம் வருவோர் கையில் திணிக்கப்படும் துண்டுப்பிரசுரம் ஒன்று, ஈர்ப்புவிசை என்பதே மேலைநாட்டுப் புளுகு என்றும், நம் தலைக்கு மேல் காற்றைக் கட்டிவைத்திருப்பது அருணாசலத்தின் 'ஆற்றல் வளையம்' என்றும் முழங்குகிறது. மலையின் மீதான பக்தியோடு எனக்கு வழக்கில்லை. அந்தப் பக்தியைப் போர்த்திக்கொண்டு வரும் அரைவேக்காட்டு இயற்பியலோடுதான் வழக்கு.

மூடியில்லாத கலத்தில் வாயு தங்காது, வெற்றிடம் அதை உறிஞ்சிவிடும் என்பது பிரசுரத்தை எழுதியவரின் முதல் வாதம். வெற்றிடத்துக்கு உறிஞ்சும் சக்தி எங்கிருந்து வந்தது? தள்ளுவது காற்றுதான், அதுவும் தன் மூலக்கூறுகளின் வேகத்தால். நாம் சுவாசிக்கும் நைட்ரஜன் மூலக்கூறின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர். எதிலும் மோதாமல் நேர் மேலே பாய்ந்தால்கூட அது சுமார் 13 கிலோமீட்டரில் வேகமெல்லாம் இழந்து கீழே திரும்பும். பூமியை விட்டுத் தப்ப வினாடிக்கு 11.2 கிலோமீட்டர், அதாவது இருபது மடங்குக்கும் மேலான வேகம் வேண்டும். ஆய்வுக்கூடக் குடுவையில் வாயு சீராகப் பரவுவது, குடுவையின் உயரம் ஒரு சாண்தான் என்பதால். அந்த உயரத்தில் காற்றின் எடை தெரியவே தெரியாது. ஒரு சாணில் கண்டதை நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு நீட்டுகிறவர் பிறரை மூடர் என்கிறார்!

சோதித்துப் பார்க்க அமெரிக்கா போக வேண்டாம். காற்றழுத்தமானி உள்ள கைபேசியோடு ஆசிரமத்தின் பின்பக்கப் பாதையில் ஸ்கந்தாசிரமத்துக்கு ஏறினால் போதும். ஏறத்தாழ 8 மீட்டருக்கு 1 மில்லிபார் வீதம் அழுத்தம் இறங்கிக்கொண்டே போகும். கீழ்அடுக்கு மேல்அடுக்கின் எடையைச் சுமப்பதால்தான் இந்த இறக்கம். காற்றுக்கு எடையே இல்லை, ஏதோ ஒரு வளையம் அதை அடைத்துவைத்திருக்கிறது என்றால், அடிவாரத்திலும் 814 மீட்டர் உச்சியிலும் அழுத்தம் ஒன்றாகவே இருக்க வேண்டுமே? அவர் இடைவிடாமல் பெயர் சொல்லும் மலையே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

அடுத்தது ஹீலியம் பலூன். அது மேலே போவதால் ஈர்ப்பு பொய்யாம். சுற்றியுள்ள கனமான காற்றைப் பூமி கீழே இழுப்பதால்தான் லேசான பலூன் மேலே தள்ளப்படுகிறது. ஈர்ப்பு இல்லாவிட்டால் பலூன் இருந்த இடத்திலேயே கிடக்கும். தன் கட்சிக்கு எதிரான சாட்சியைத் தானே கூண்டில் ஏற்றியிருக்கிறார். லேசான வாயுக்கள் தப்புவதை அறிவியல் ஒளிக்கவும் இல்லை: பூமி வினாடிக்குச் சுமார் 3 கிலோ ஹைட்ரஜனை இழந்துகொண்டுதான் இருக்கிறது. லேசானது நழுவுகிறது, கனமானது தங்குகிறது. எந்த வளையம் இப்படி எடை பார்த்து ஆளை விடும்?

மூன்றாவது கேள்வி மட்டும் நல்ல கேள்வி: செவ்வாய்க்கும் ஈர்ப்பு உண்டே, காற்று எங்கே? அதைவிடச் சிறிய, சனியின் துணைக்கோளான டைட்டனில் நம்முடையதைவிட அடர்ந்த காற்று எப்படி? கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஈர்ப்பின் வலுவோடு வெப்பத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டைட்டனின் தரையில் குளிர் மைனஸ் 179 டிகிரி. அங்கே நைட்ரஜன் வினாடிக்கு 300 மீட்டரைக்கூட எட்டுவதில்லை, தப்புவதற்கோ 2.6 கிலோமீட்டர் வேகம் வேண்டும். செவ்வாயின் ஈர்ப்பும் பலவீனம். கோள் முழுவதையும் காக்கும் காந்தப்புலமும் இல்லாததால் சூரியக்காற்று அதன் வளிமண்டலத்தை யுகயுகமாக அரித்துவிட்டது. அந்த மெலிந்த காற்றின் மேல்விளிம்பை அளந்த கருவிகளில் ஒன்று, 2014 செப்டம்பர் 24இல் அங்கே போய்ச் சேர்ந்த நம் மங்கள்யானில் இருந்தது. அதே பிரசுரம் மங்கள்யானைப் பாரதத்தின் பெருமை என்று கொண்டாடுகிறது. அது ஈர்ப்புக் கணக்கை நம்பிப் போன கலம் என்பது எழுதியவருக்குத் தெரியுமா?

இவ்வளவும் 'மேலைநாட்டு'ச் சரக்காம். பூமிக்கு இழுக்கும் ஆற்றல் உண்டென்று நியூட்டனுக்கு ஐந்து நூற்றாண்டுகள் முன்பே எழுதிய பாஸ்கரர் எந்த மேலைநாட்டுக்காரர்? வாயு கலத்தை நிரப்பும் என்ற, தனக்குச் சாதகமான பாடத்தை மட்டும் இவர் எந்த நாட்டிலிருந்து எடுத்தார்? ஜவ்வாது மலைக் காவலூர் வானாய்வகத்திலிருந்து 1972 ஜூன் 7 அன்று, வியாழனின் துணைக்கோள் கானிமீட் ஒரு விண்மீனை மறைத்ததை நம்மவர்கள் பதிவுசெய்தார்கள். அங்கே மெல்லிய காற்று இருக்கலாம் என்று அந்த அளவீடு சொன்னது. 1979இல் வாயேஜர் விண்கலம் நெருங்கிப் பார்த்து, அவ்வளவு காற்று அங்கே இல்லை என்றது, விஞ்ஞானிகள் திருத்திக்கொண்டார்கள். திருத்த இடமே வைக்காத கூற்றுக்கு அறிவு என்று பெயரா?

மரபாவது தெரிந்திருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. பஞ்சபூதத் தலங்களில் அண்ணாமலை அக்கினித் தலம், வாயுவுக்குரியது காளத்தி. சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு ரமணர் எழுதிக்காட்டிய பதில்களே 'நான் யார்?' நூலாயின, கேள்வியையே வழியாக்கியவரின் வாசலில் நின்றுகொண்டு, கேட்காதே, நம்பு என்கிறது இந்தப் பிரசுரம். ஏன் என்பதைக் கடைசிப் பக்கம் சொல்லிவிடுகிறது: 'ஆற்றல்' பயிற்சி வகுப்பும் அதற்கான கட்டணமும்.

ஈர்ப்பை நம்புகிறவர்கள், தரையிலிருந்து எத்தனை மீட்டரில் எத்தனை மில்லிபார் இருக்கும் என்று ஏறுவதற்கு முன்பே எண்ணைச் சொல்கிறார்கள்; யார் வேண்டுமானாலும் ஏறிச் சரிபார்க்கலாம். ஆற்றல் வளையத்தாரும் அப்படி ஒரே ஓர் எண்ணைச் சொல்லட்டும். அதுவரை அந்தப் பிரசுரத்துக்கு வாசகர் காலணாக்கூடத் தர வேண்டியதில்லை.