மெலிந்த லேப்டாப், தடித்த பை

லேப்டாப் கடையில் விற்பவர் முதலில் செய்யும் காரியம், இயந்திரத்தை மூடிப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டுவதுதான். “எவ்வளவு ஸ்லிம்மா இருக்கு பாருங்க சார்” என்பார். வாங்க வந்தவரும் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துத் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலுக்குப் பின்னால், இன்று கிட்டத்தட்ட எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்ட ஒரு கருத்து இருக்கிறது. வேலைக்கான லேப்டாப் எவ்வளவு மெலிதோ அவ்வளவு நல்லது. பக்கவாட்டில் வரிசையாக இருந்த போர்ட்டுகளெல்லாம் பழங்காலத்துச் சாமான். டைப்-சி ஒன்று போதும், மிச்சத்துக்கு அடாப்டர் இருக்கிறது. பெரிய திரை வேண்டுமானால் மேசையில் ஒரு மானிட்டர் வைத்துக்கொள்ளலாம்.

நான் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பவன். புகைப்படங்களைத் திருத்திக் கொடுப்பதும் உண்டு. ஒரு நாளில் பத்து மணி நேரம் லேப்டாப் முன்னால்தான் போகிறது. மேலே சொன்ன கருத்தை நம்பி ஒருமுறை வாங்கியும் பார்த்துவிட்டேன். அது எங்கெங்கே பிழைபடுகிறது என்பதை ஒவ்வொரு வாதமாக எடுத்துச் சொல்கிறேன்.

1. “மெலிதாக்க வேண்டுமென்றால் போர்ட்டை எடுத்துத்தான் ஆகவேண்டும்”

இதை அளந்தே பார்த்துவிடலாம். கேமராவில் போடும் எஸ்.டி. கார்டின் தடிமன் 2.1 மி.மீ. பென் டிரைவின் யூ.எஸ்.பி. முனை 4.5 மி.மீ. ப்ரொஜெக்டருக்குப் போகும் எச்.டி.எம்.ஐ. வயரின் முனையும் ஏறக்குறைய அதே அளவு. 15 மி.மீ. உடம்பில், மூடியின் கனத்தைக் கழித்த பிறகும் இவை மூன்றுக்கும் இடம் இருக்கிறது.

இதற்கு நல்ல சாட்சி ஆப்பிள் நிறுவனமே. 2016 அக்டோபரில் அது மேக்புக் ப்ரோவை மாற்றி அமைத்தது. எச்.டி.எம்.ஐ., கார்டு போடும் துளை, பழைய யூ.எஸ்.பி., காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் மேக்சேஃப் சார்ஜர் எல்லாம் போயின. 15 அங்குல மாடலில் ஹெட்ஃபோன் துளையைத் தவிர நான்கு டைப்-சி துளைகள் மட்டும் மிஞ்சின. தடிமன் 18 மி.மீ.யிலிருந்து 15.5 மி.மீ.க்கு இறங்கியது. ஐந்து ஆண்டு கழித்து, 2021 அக்டோபரில் அதே நிறுவனம் 14 அங்குல மேக்புக் ப்ரோவை வெளியிட்டது. அதில் எச்.டி.எம்.ஐ. இருந்தது, கார்டு துளை இருந்தது, மேக்சேஃப்பும் திரும்பி வந்திருந்தது. அதன் தடிமன் அதே 15.5 மி.மீ. கூடவே வந்த 16 அங்குல மாடல் 16.8 மி.மீ. ஒரு தீக்குச்சியின் கனம்கூட இல்லாத 1.3 மி.மீ.தான் கூடுதல். லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் அதே 2021இல் 14.9 மி.மீ. தடிமனில் எச்.டி.எம்.ஐ.யையும் இரண்டு பழைய யூ.எஸ்.பி.யையும் வைத்திருந்தது.

லேன் வயர் சொருகும் துளையும் பழைய வி.ஜி.ஏ. துளையும் இவ்வளவு மெல்லிய விளிம்பில் உட்காருவது கடினம். அதை ஒப்புக்கொள்கிறேன். மற்றவை உண்மையில் கேட்பது அதிக உயரத்தை அல்ல, உள்ளே போர்டில் கொஞ்சம் நீள அகலத்தை. அந்த இடத்தைப் பேட்டரிக்குக் கொடுக்கலாமே என்று ஒரு பொறியாளர் கேட்டால் அதில் நியாயம் உண்டு. ஆனால் 2016இல் 15 அங்குல மேக்புக் ப்ரோவின் பேட்டரியும் 99.5 வாட்-மணியிலிருந்து 76க்குக் குறைந்தது. போர்ட்டும் போயிற்று, பேட்டரியும் போயிற்று. மிஞ்சியது பக்கவாட்டுத் தோற்றம் மட்டும்.

2. “மெலிது என்றால் இலேசு”

தோளில் பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறவருக்கு உறைப்பது கிராம். மில்லிமீட்டரைத் தோள் உணராது. இரண்டும் ஒன்றென்றே நம்மை நம்பவைத்திருக்கிறார்கள்.

ஜப்பானில் பானசோனிக் நிறுவனம் கோபே தொழிற்சாலையில் தயாரிக்கும் லெட்ஸ் நோட் லேப்டாப்புகளைப் பாருங்கள். அவற்றில் எஸ்.வி. வரிசை 12.1 அங்குலத் திரை கொண்டது. தடிமன் இரண்டரை சென்டிமீட்டரை ஒட்டி வரும். எச்.டி.எம்.ஐ., வி.ஜி.ஏ., லேன், கார்டு துளை எல்லாம் உண்டு. பல மாடல்களில் டி.வி.டி. டிரைவ்கூட உண்டு. எடையோ ஒரு கிலோவை ஒட்டித்தான். ரயிலில் தினமும் அலுவலகம் போகும் ஜப்பானியர்களுக்காகச் செய்யப்பட்ட இயந்திரம் அது. அவர்கள் எடையைக் குறைத்தார்கள், தடிமனை அதன் போக்கில் விட்டுவிட்டார்கள்.

இன்னொரு உதாரணம். 2016இன் 13 அங்குல மேக்புக் ப்ரோ 1.37 கிலோ. 2019இல் வந்த எல்.ஜி. கிராம் 17 அங்குலத் திரையோடு 1.34 கிலோ. எச்.டி.எம்.ஐ.யும் மூன்று பழைய யூ.எஸ்.பி.யும் அதில் இருந்தன. தடிமன் 18 மி.மீ.யை ஒட்டியது. அந்த மெல்லிய உலோக உடம்பை அழுத்தினால் கொஞ்சம் வளையும், அதன் ப்ராசஸரும் கடும் வேலைக்கு உரியதில்லை. அதெல்லாம் உண்மைதான். ஆனால் பெரிய திரையும் போர்ட்டுகளும் சேர்ந்தால் சுமை கூடியே தீரும் என்ற பேச்சு அதோடு முடிந்துவிட்டது.

3. “அடாப்டர் ஒன்று வாங்கிக்கொண்டால் தீர்ந்தது”

கும்பகோணம் பக்கத்தில் ஒரு கல்யாணம். புகைப்படக்கார நண்பரோடு ஒத்தாசைக்குப் போயிருந்தேன். விடிகாலை ஐந்து மணி, சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில் ஒரு மேசை. முந்தின இரவு வரவேற்பில் எடுத்த படங்கள் 64 ஜி.பி. கார்டு நிறைய இருந்தன. அவற்றை இறக்கி, அதே கார்டை முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டும். என்னுடைய மெல்லிய லேப்டாப்பில் இரண்டே துளை. ஒன்றில் சார்ஜர். இன்னொன்றில் ஹப் என்ற பல துளை அடாப்டர், அதில் கார்டும் ஹார்டு டிஸ்க்கும். பத்து நிமிடத்தில் ஹப்பைத் தொட முடியவில்லை, அப்படிச் சுட்டது. இலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு போன ஒருவரின் வேட்டி மேசை விளிம்பில் உரசியது. ஹப் ஒரு நூல் அளவு அசைந்தது. கார்டும் டிஸ்க்கும் ஒரே நேரத்தில் துண்டிக்கப்பட்டன. முக்கால்வாசி ஏறியிருந்த படங்களில் எது முழுசு, எது பாதி என்றே தெரியவில்லை.

நண்பரின் உதவியாளன் பக்கத்தில் வந்து குனிந்து கேட்டான்: “அண்ணே, கார்டை ஃபார்மட் பண்ணிடலையே?” பண்ணவில்லை. அவன் தன் பையிலிருந்து பழைய தடித்த லேப்டாப்பை எடுத்தான். கார்டை அதன் பக்கவாட்டுத் துளையில் தள்ளினான். வெளியே நீட்டிக்கொண்டிருக்க எதுவும் இல்லை, இடிபட எதுவும் இல்லை. நாதஸ்வரக்காரர் சுருதி சேர்த்து முடிப்பதற்குள் படங்கள் இறங்கிவிட்டன.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இயந்திரத்திலிருந்து பிடுங்கியதையெல்லாம் நாம் பையில் சுமக்கிறோம். அதற்குத் தனியாகக் காசும் கொடுக்கிறோம். வீட்டில் மறந்து வைத்துவிட்டால் அன்றைய வேலை நின்றுபோகிறது. லேப்டாப்பின் தடிமனை அளக்கிறவர்கள் இந்த ஹப்பையும் சேர்த்து அளக்கட்டும்.

4. “டைப்-சி ஒன்று போதும்”

டைப்-சி நல்ல கண்டுபிடிப்பு. எந்தப் பக்கம் சொருகினாலும் போகிறது. சார்ஜ், படம், தகவல் மூன்றையும் ஒரே வயரில் கொண்டுபோகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஏப்ரல் 28 முதல் லேப்டாப்புகளுக்கும் டைப்-சி சார்ஜிங்கைக் கட்டாயமாக்கியதை நானும் வரவேற்கிறேன்.

ஆனால் அந்தச் சட்டம் சார்ஜிங்கைப் பற்றியது. மற்ற போர்ட்டுகளை எடுத்துவிடு என்று அது சொல்லவில்லை. மேலும் டைப்-சி என்பது ஓர் உருவம்தான். அதே உருவத்துக்குள் நொடிக்கு 480 மெகாபிட் போகும் துளையும் உண்டு, 40 கிகாபிட் போகும் துளையும் உண்டு. ஒன்றில் மானிட்டர் எரியும், பக்கத்துத் துளையில் எரியாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எச்.டி.எம்.ஐ. துளையைப் பார்த்தால் அது படத்துக்கானது என்று குழந்தைக்கும் தெரியும்.

லேப்டாப்பை நாலைந்து வருடத்தில் மாற்றுகிறோம். கல்லூரிக் கருத்தரங்க அறையின் ப்ரொஜெக்டரை யாரும் அப்படி மாற்றுவதில்லை. சுவருக்குள் பதித்த வயரையும் மாற்றுவதில்லை, அச்சகத்தில் பத்து வருடமாக ஓடும் இயந்திரத்தையும் மாற்றுவதில்லை. நாலு இடத்துக்குப் போய் வேலை பார்க்கிறவர் அங்கே உள்ளதோடுதான் இணைய வேண்டும்.

5. “பெரிய திரைக்கு மானிட்டர் இருக்கிறதே”

மேசையை விட்டு நகராதவருக்கு இது சரியான பதில். நகராதவருக்கு லேப்டாப் எதற்கு என்பதுதான் கேள்வி. எழுத்தாளர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கடைசித் திருத்தம் போடும்போது என்னிடம் இருப்பது லேப்டாப்பின் திரை மட்டுமே.

ஏ4 அளவில் எதிரெதிர் பக்கங்கள் இரண்டை முழுசாகத் திரையில் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தின் உயரம் 29.7 செ.மீ. 16:9 விகிதத்தில் உள்ள 13.3 அங்குலத் திரையின் உயரம் 16.6 செ.மீ. கருவிப்பட்டைகளையெல்லாம் மறைத்துவிட்டாலும் பக்கம் 56 சதவீதமாகச் சுருங்கும். 11 புள்ளி (பாயிண்ட்) எழுத்து 6 புள்ளியாகத் தெரியும். ஆங்கிலத்தை அதில் சமாளிக்கலாம். தமிழில் ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் நடுவே இருப்பது ஒரு சுழி. மெய்யெழுத்துக்கு உயிர் தலைமேல் உள்ள ஒரு புள்ளி. 6 புள்ளி அளவில் இரண்டும் கரைந்துவிடும். 16:10 விகிதத்தில் உள்ள 16 அங்குலத் திரையில் அதே எழுத்து கிட்டத்தட்ட 8 புள்ளியாக நிற்கும். பிழை கண்ணில் படும்.

மூலைவிட்டத்தில் 14 அங்குலம் 16 ஆவது சின்ன வித்தியாசமாகத்தான் தோன்றும். பரப்பில் அது 30 சதவீதம். விகிதத்தையும் பார்க்க வேண்டும். 16:9இல் உள்ள 15.6 அங்குலத் திரையின் உயரம் 19.4 செ.மீ., 16:10இல் உள்ள 14 அங்குலத் திரையின் உயரம் 18.8 செ.மீ. உடம்பைப் பெருக்காமலே பக்கம் பார்க்கிறவருக்கு உதவும் வழி இது. விளம்பரத்தில் தடிமனுக்குக் கிடைக்கும் எழுத்து அளவில் பாதிகூட இதற்குக் கிடைப்பதில்லை.

6. “மெலிதாவதால் இழப்பு ஒன்றுமில்லை”

மெல்லிய உடம்பில் ஃபேனும் மெல்லியது. குறைந்த காற்றைத் தள்ளும் ஃபேன் வேகமாகச் சுற்ற வேண்டும், அதனால் இரைச்சல். அதுவும் போதாதபோது ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நூறு படங்களை ஒருசேர ஏற்றுமதி செய்யும்போது இது கடிகாரத்தில் தெரியும்.

கீபோர்டும் தப்பவில்லை. 2015இல் 13.1 மி.மீ. மேக்புக்குக்காக வந்த பட்டர்ஃப்ளை கீபோர்டில் விசை அரை மி.மீ. அளவே கீழிறங்கும். சின்னத் துகள் போனாலும் விசை சிக்கிக்கொள்ளும் என்ற புகார் குவிந்தது. 2018இல் ஆப்பிள் இலவசப் பழுதுபார்ப்பை அறிவித்தது. 2019இன் 16 அங்குல மாடலில் அந்த வகையையே கைவிட்டது. அந்த இயந்திரம் 16.2 மி.மீ.க்குத் தடித்தது, பேட்டரி 100 வாட்-மணி ஆயிற்று. அமெரிக்க வழக்கில் 2022இல் 5 கோடி டாலருக்கு ஆப்பிள் சமரசம் செய்துகொண்டது.

இப்போதைய சிப்கள் குறைந்த மின்சாரத்தில் ஓடுவதால் இந்தக் குறைகள் தீர்ந்துவிட்டன என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. 2020இல் எம்1 சிப்போடு வந்த மேக்புக் ஏர் ஃபேனே இல்லாமல் ஓடியது. எழுதுவதும் மெயில் பார்ப்பதும்தான் வேலை என்றால் அப்படி ஒன்றை மனதாரப் பரிந்துரைப்பேன். ஆனால் அந்தச் சிப் குடும்பத்தின் பெரிய உறுப்பினர்களோடு 2021இல் வந்த 16 அங்குல ப்ரோ மாடல் முந்தையதைவிடத் தடித்துத்தான் வந்தது. கிடைத்த மிச்சத்தை அங்கே மெலிவதற்குச் செலவிடவில்லை. திரைக்கும் போர்ட்டுக்கும் நீடித்த வேகத்துக்கும் செலவிட்டார்கள். வேலை செய்கிறவர்கள் ஐந்து ஆண்டு கேட்டதும் அதைத்தான்.

மெலிவு மேல் எனக்குப் பகை இல்லை. வேலைக்குத் தேவையானதையெல்லாம் வைத்த பிறகு எவ்வளவு மெலிதாக முடியுமோ அவ்வளவு மெலியட்டும். தடிமனை முதலில் முடிவு செய்துவிட்டு வேலையை அதற்குள் அமுக்குவதைத்தான் எதிர்க்கிறேன்.

அடுத்தமுறை கடைக்குப் போகும்போது உங்கள் கேமரா கார்டு, ஒரு பென் டிரைவ், ஓர் எச்.டி.எம்.ஐ. வயர், நீங்கள் தினமும் வேலை செய்யும் ஒரு ஃபைல் ஆகியவற்றைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். விற்பவர் லேப்டாப்பைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டும்போது ஒவ்வொன்றாகச் சொருகிப் பாருங்கள். பிறகு அந்த ஃபைலைத் திறந்து, வழக்கமாக உட்காரும் தூரத்தில் உட்கார்ந்து ஒரு பத்தி படியுங்கள்.